சேர்விடாப்பும் இறுவட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கனடாவிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவரை நான் முன்பு கண்டதில்லை. என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். எமது கல்லூரியின் பழைய மாணவி என்ற ஒரே உறவைக்கொண்டு யாரிடமோ என் இலக்கத்தைப் பெற்றிருந்தார். “தங்கச்சி, நீங்கள் டொக்டர் எண்டு சொன்னவை. ஆனால் நான் வருத்தம் சொல்ல எடுக்கேல்லை. ஒரு உதவி கேக்கத்தான் எடுத்தனான்” என்று தொடங்கினார்.

அவருடைய கடவுச்சீட்டில் ஒரு பிறந்த திகதி. திருமணப் பதிவில் இன்னொன்று. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது, எது சரி என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். கையிலிருந்த பிறப்புப் பத்திரம் 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மறுபிரதிக்கு விண்ணப்பித்ததற்கு, அந்தப் பதிவேடு காணப்படவில்லை என்று பதில் வந்திருந்தது. “பள்ளிக்கூடத்திலை ஏதும் இருக்குமோ பிள்ளை?” என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இருந்தும் பார்ப்பதாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். எழுதுவினைஞர் இரும்பு அலுமாரியைத் திறந்து, கலிக்கோக் கட்டுப் போட்ட பாரமான ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தார். அது சேர்விடாப்பு. 1963 ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமியாக அந்த அக்கா இருந்தார். சேர்விலக்கம், முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பனார் பெயர், முகவரி, சேர்ந்த திகதி, விலகிய திகதி எல்லாம் இருந்தன. மை சற்றுப் பழுப்பேறியிருந்தது. ஓர் எழுத்தும் அழியவில்லை. அதிபர் ஒப்பமிட்ட உறுதிப்படுத்தல் கடிதம் அன்று மத்தியானமே தயாராகிவிட்டது.

அதே மாதத்தில்தான் நூற்றாண்டு மலர்க் குழு கூடியது. 2000 ஆம் ஆண்டுப் பவளவிழா மலரின் படங்களையும் கட்டுரைகளையும் மீளப் பயன்படுத்தலாம் என்று ஒரு தங்கை யோசனை சொன்னார். மலர் வடிவமைக்கப்பட்ட கோப்புகள் எல்லாம் ஓர் இறுவட்டில் பத்திரமாக இருக்கின்றன என்பது எம் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அலுமாரியின் மேற்றட்டில், அதே சேர்விடாப்புக்கு மேல், பிளாஸ்ரிக் உறையில் அது இருந்தது. உறையில் அழகான கையெழுத்தில் தலைப்பும் திகதியும் எழுதப்பட்டிருந்தன. கணினியில் இட்டோம். இரண்டு நிமிடம் சுழன்றது. பின்பு, இறுவட்டை உட்செலுத்துமாறு கணினி எம்மையே கேட்டது.

அறுபது வருடத்துக்கு முந்திய எழுத்தை அரை மணித்தியாலத்தில் வாசித்தோம். இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தியதை வாசிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்திலிருந்து பிறந்தது. கல்லூரியின் வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு இல்லை. அதை மூத்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதற்கு ஆதாரமாயிருந்த பதிவுகளின் வரலாற்றை மட்டும் நான் சொல்கிறேன்.

எமது முதற் சேர்விடாப்பு 1925 இல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில், தொட்டெழுதும் பேனாவால் எழுதப்பட்டது. அக்காலத்துப் பதிவு மைகளில் இரும்பு உப்புச் சேர்ந்திருக்கும். அது தாளின் மேல் நில்லாமல் உள்ளே இறங்கிக் கறுப்பேறும். அதனாற்றான் மழையில் நனைந்த பக்கங்களிற்கூடப் பெயர்கள் தெரிகின்றன. 1960, 1961 இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்ற காலத்தையொட்டி இடாப்பு தமிழுக்கு மாறுகிறது. கையெழுத்து மாறுவதைக்கொண்டே எந்த எழுதுவினைஞர் எப்போது இளைப்பாறினார் என்று சொல்லலாம். “விலகிய காரணம்” என்ற நிரலைப் பார்த்தால் ஊரின் கதையே தெரியும். முப்பதுகளில் “விவாகம்”, ஐம்பதுகளில் “தகப்பனார் இடமாற்றம்”, எண்பத்துமூன்றுக்குப் பின் பக்கம் பக்கமாக “வெளிநாடு”.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவை என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். வலிகாமம் முழுவதும் அந்த ஒரு மழையிரவில் நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய்ப் பக்கத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் எமது ஆசிரியை ஒருவர், சைக்கிள் கரியரில் ஓர் உரப்பையைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார். பையினுள் இரண்டு சேர்விடாப்புகள் இருந்தன. தம்முடைய சேலைகளை அவர் விட்டுவிட்டுப் போனார் என்பதைப் பல வருடங்களின் பின்புதான் அறிந்தேன். சம்பவத்திரட்டுப் புத்தகங்களும், மண்டபத்தில் மாட்டியிருந்த படங்களும், அச்சிட்ட சஞ்சிகைகளின் கட்டும் அங்கேயே இருந்தன. 1996 இல் திரும்பி வந்தபோது அவை இருக்கவில்லை. ஏன் இடாப்பை மட்டும் எடுத்தீர்கள் ரீச்சர் என்று ஒருமுறை கேட்டேன். “மற்றதுகள் போனால் எங்களுக்குத்தான் நட்டம். இது போனால் பிள்ளையளுக்கெல்லோ நட்டம்” என்றார்.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது என்னவாகும் என்பதை எமக்கு முந்திய தலைமுறை 1981 இலேயே கண்டது. மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அச்சில் வந்த நூல்களில் பலவற்றுக்கு வேறு நூலகங்களிலோ யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியிலோ இன்னொரு பிரதி இருந்தது. அவற்றைப் பின்பு தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் திரும்பவேயில்லை.

பழந்தமிழ் நூல்கள் எப்படித் தப்பின என்று பார்த்தாலும் இதுவே தெரியும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அந்நூல்கள் அவர் கைக்கு வந்தது, பனையோலை என்றும் அழியாது என்பதால் அல்ல. ஓலையும் செல்லரிக்கும், ஒடியும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் விளக்கடியில் இருந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். அப்படி எழுத ஆளில்லாத நூல்கள் பெயரளவில் மட்டும் எஞ்சின. இன்று கணினித் துறையில் “இடம்பெயர்த்தல்” என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது இந்த வேலைதான். இடம்பெயர்தல் என்றதும் எமக்கு வேறு நினைவு வருகிறது, இருக்கட்டும்.

இனி அந்த இறுவட்டுக்கு வருவோம். ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதுபோல அதைப் பார்த்தோம். அதற்கு ஒன்றல்ல, நான்கு வருத்தங்கள் இருந்தன.

முதலாவது, வட்டின் வருத்தம். நாம் கணினியில் எழுதும் இறுவட்டில் தகவல் ஒரு சாயப் படையில் பதிகிறது. வெப்பமும் வெளிச்சமும் ஈரப்பதனும் அச்சாயத்தைக் கெடுக்கும். யாழ்ப்பாணத்து அலுமாரியில் இம்மூன்றுக்கும் குறைவில்லை. இரண்டாவது, வாசிக்கும் கருவி. இப்போதைய மடிக்கணினிகளில் இறுவட்டு வாசிப்பானே இல்லை. நான் வேலைசெய்த ஒரு வைத்தியசாலையின் கதிர்ப்படப் பகுதியில் பழைய வாசிப்பான் ஒன்று இருந்தது. சி.ரி. ஸ்கான் படங்களை நோயாளர் இறுவட்டில் கொண்டுவருவதால் அதை எறியாமல் வைத்திருந்தார்கள். அதில் மூன்றாவது முறை இட்டபோது வட்டு வாசிக்கப்பட்டது. குதித்தோம்.

குதித்தது வீண். மலர் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் இங்குள்ள அச்சகங்களில் அது பெரும் புழக்கம். அதன் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது, அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்வந்த இன்டிசைன் சில காலம் அக்கோப்புகளைத் திறந்தது. புதிய பதிப்புகள் திறப்பதில்லை. ஒரு பழைய அச்சகக்காரரின் பழைய கணினியைத் தேடிப்பிடித்துத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகள். “தமிழ்” என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி.

இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் மறந்துபோன கதை. அப்போது நாம் எழுதியது பாமினி எழுத்துருவில். பாமினியில் கணினி தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டியது. தகரத்துக்கு ஜே, மகரத்துக்கு கே, விசிறிக்கு பீ, ழகரத்துக்கு ஓ, குற்றுக்கு அரைப்புள்ளி. சட்டை இல்லாத கணினியில் உள்ளே இருந்த ஆங்கிலம் தெரிந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சட்டை தைத்த காலம் அது. தமிழுக்கு யூனிகோட்டில் 1991 ஆம் ஆண்டே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும் எமது அச்சகங்களும் அலுவலகங்களும் அதற்கு மாறப் பல வருடங்கள் சென்றன. சில இடங்களில் இன்றும் மாறவில்லை. எனக்கு வரும் கூட்ட அறிக்கைகளில் பாமினி இன்னும் வருகிறது.

நல்லவேளையாக இந்த வருத்தத்துக்கு மருந்து இருந்தது. சுரதா யாழ்வாணன் உருவாக்கி இலவசமாக வழங்கிய “பொங்குதமிழ்” எழுத்துருமாற்றி போன்ற கருவிகளில் பாமினியைக் கொடுத்தால் யூனிகோட் வரும். கட்டுரைகள் சில நிமிடங்களில் தமிழாகின. எமது அதிபர் அன்று எழுதிய ஆசிச் செய்தி வரிவரியாகத் திரையில் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலமாகிப் பல வருடங்கள்.

நான்காவது வருத்தத்துக்கு மருந்து இல்லை. படங்கள் இருந்த இடங்களிலெல்லாம் மங்கலான சிறு நிழல்கள் அல்லது வெறும் சாம்பல்நிறப் பெட்டிகள். பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன் கோப்புக்குள் வைக்காமல், அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரியை மட்டும் குறித்து வைத்திருந்தது. படங்கள் அச்சகத்தின் கணினியில் இருந்தன. அந்தக் கணினி எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது. கடைசியில் கொழும்பில் ஒரு பழைய மாணவியின் வீட்டிலிருந்த அச்சுப் பிரதியிலிருந்து படங்களை மீளப் பிடித்தோம். டிஜிற்றல் பிரதியைக் காப்பாற்றியது தாட்பிரதி.

எமக்கு மட்டும் நேர்ந்ததென்று வெட்கப்படத் தேவையில்லை. 1086 இல் இங்கிலாந்து மன்னன் எடுப்பித்த நில மதிப்பீட்டேடான டூம்ஸ்டே புத்தகத்தின் 900 ஆண்டு நிறைவையொட்டி, 1986 இல் பிபிசி நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே திட்டத்தைச் செய்தது. பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம்பிடித்தார்கள். பங்களித்தோர் ஒரு மில்லியனுக்கு மேல். எல்லாம் பெரிய லேசர் தட்டுகளில் பதியப்பட்டன. பதினைந்து வருடம் கழியுமுன்னே அத்தட்டுகளை வாசிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 2002 அளவில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதித்தான் அவற்றை மீட்க வழி கண்டார்கள். 1086 ஆம் ஆண்டுத் தோல் ஏடு லண்டன் கியூவில் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் தெரிந்தவர் இன்றும் வாசிக்கலாம்.

மலர் வேலைக்காகக் கல்லூரியின் பதிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது இரண்டு பெரிய இடைவெளிகள் தெரிந்தன. முதலாவது 1987 முதல் 1998 வரை, எங்கள் காலம். மின்சாரம் இல்லை, தாள் இல்லை. பத்திரிகைகளே கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். கல்லூரிச் சஞ்சிகை வரவில்லை. தவணைக்கு ஒன்றாக ஒரே பிரதியில் நாங்கள் எழுதிய கையெழுத்துச் சஞ்சிகைகளில் இரண்டு மட்டும் எஞ்சியுள்ளன. இந்த இடைவெளிக்கு யாரும் எங்களிடம் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது இடைவெளி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அது 2004 முதல் 2014 வரை. மின்சாரம் இருந்தது, கமரா இருந்தது, பிறகு எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. ஒவ்வொரு விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தோம். அந்தப் பத்து வருடத்துக்கும் சேர்த்து இன்று கல்லூரியிடம் இருக்கும் படங்கள், 1950 களிலிருந்து எஞ்சியவற்றிலும் குறைவு. அலுவலகக் கணினி ஒன்று வைரசால் போனது. ஒரு வன்தட்டு மேசையிலிருந்து விழுந்தது. கமராவின் நினைவட்டையை அழித்து அழித்துப் பாவித்தோம். ஒரு கிளைச் சங்கம் அழகான இணையத்தளம் நடத்தியது; அதற்கு வருடாவருடம் தன் அட்டையிலிருந்து பணம் கட்டிவந்த சகோதரி சுகவீனமுற்றதோடு பெயர்ப்பதிவு காலாவதியாகி, தளமும் போய்விட்டது. யாரும் எரிக்கவில்லை, யாரும் எடுத்துப்போகவில்லை. கவனிக்க ஆளில்லாமற் போயின. கறையான் வராத அலுமாரியில் தாளை மறந்துவிட்டால் அது ஐம்பது வருடம் இருக்கும். கணினிக் கோப்பை மறந்துவிட்டால் பத்து வருடமே சந்தேகம்.

என் தொழிலில் ஒரு காட்சியை அடிக்கடி காண்பேன். எமது நாட்டுக் கிளினிக்குகளுக்கு வருவோர் தங்கள் மருத்துவக் குறிப்பை ஒரு கொப்பியில் தாங்களே வைத்திருப்பார்கள். இடப்பெயர்வுகளின்போது வைத்தியசாலைகளின் பதிவுகள் போயின. சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு கொண்டுவந்த கொப்பிகள் வந்து சேர்ந்தன. மருந்தின் பெயரை அதில் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவு பலர் கையில் பிரிந்திருந்ததால் தப்பியது. ஒரு நாட்டில் மட்டுமல்லாமல் பல கண்டங்களில் வாழும் பழைய மாணவிகளைக் கொண்ட எமக்கு இது ஒரு வசதி அல்லவா?

அப்படித்தான் இம்முறை செய்திருக்கிறோம். இரண்டு சேர்விடாப்புகளையும் எஞ்சிய சஞ்சிகைகளையும், கட்டைப் பிரிக்காமல் மேலிருந்து கமராவால் பக்கம் பக்கமாகப் பிடித்தோம். சுருக்கப்படாத டிஃப் வடிவத்தில் ஒரு மூலப்படி. வாசிப்பதற்கு, எழுத்துருவையும் படத்தையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பி.டி.எஃப்./ஏ வடிவத்தில் ஒரு படி. சாம்பல் பெட்டியைக் கண்டபின் இவ்விடயத்தில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் 64 எழுத்து நீளமான ஓர் அடையாளத்தைக் கணித்து, தாளில் அச்சிட்டு வைத்துள்ளோம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் முழுதாக மாறிவிடும், கைரேகை போன்றது. பிரதிகள் மூன்று: கல்லூரியில் ஒன்று, கொழும்புக் கிளையில் ஒன்று, லண்டன் கிளையில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் நிறுவுநர் தினத்தன்று மூன்று இடத்திலும் ஒருவர் திறந்து, கைரேகையை ஒப்பிட்டு, பார்த்தேன் என்று திகதியிட்டு ஒப்பமிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்குப் பெயர்த்தெழுத வேண்டும். இதற்கான செலவு, நாம் வருடாந்த இராப்போசனத்துக்கு மேசை அலங்கரிக்கும் செலவிலும் குறைவு என்று பொருளாளர் அக்கா சொன்னார். அலங்காரத்துக்கு நான் எதிரியல்ல.

ஒரு விடயத்தில் குழுவுக்குள் வாக்குவாதம் வந்தது. எல்லாவற்றையும் இணையத்தில் போட்டால் எல்லோரும் பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். சஞ்சிகைகளையும் மலர்களையும் பொறுத்தவரை எனக்கும் அதுவே விருப்பம். 1998 இல் லோசானில் இருந்து கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் எம்மவர்கள் தொடக்கிய நூலகம் திட்டமும் காட்டிய வழி அது. ஈழத்துப் பாடசாலை மலர்கள் பல நூலகத்திலேதான் இன்று வாசிக்கக் கிடைக்கின்றன. எமது மலர்களையும் அங்கே கொடுக்கத் தீர்மானித்துள்ளோம். சேர்விடாப்பு வேறு. அதில் ஒரு குழந்தையின் பிறந்த திகதி, சமயம், தகப்பனின் தொழில், விலகிய காரணம் எல்லாம் இருக்கின்றன. எழுதிக் கொடுத்தவர்கள் ஊரறியக் கொடுக்கவில்லை. நோயாளியின் குறிப்பை நான் எப்படிக் காக்க வேண்டுமோ அப்படித்தான் இதுவும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. ஆகவே இடாப்பின் படி பூட்டோடு இருக்கும். தன் பதிவைக் கேட்கும் மாணவிக்கு மட்டும் அதிபர் ஊடாக வழங்கப்படும். கனடா அக்காவுக்கு வழங்கியதுபோல. அவருடைய ஓய்வூதியம் சென்ற வருடம் தொடங்கிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அதை எந்தக் கருவியாலும் செய்ய முடியாது. எம்மிடம் தப்பியுள்ள பழைய படங்களிற் பலவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. யார், எப்போது, எங்கே என்று எழுதப்படவில்லை. அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தொட்டிருக்கிறார்கள். மறதி நோயுள்ள ஒரு மூதாட்டி, காலையில் சாப்பிட்டதை மறந்தவர், பள்ளிப் படத்தைக் காட்டியதும் முன்வரிசையை இடமிருந்து வலமாகச் சொன்னதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ படங்களைக் காட்டி, சொல்வதைக் கைபேசியில் பதிந்து, பெயர்களைப் பென்சிலால் படத்தின் பின்னால் எழுதுங்கள். குழுக்களில் பகிர்ந்த படத்தை அனுப்பாமல், எடுத்தபடியே உள்ள மூலக் கோப்பை அனுப்புங்கள். பகிரும்போது படம் சுருங்கிவிடுகிறது.

இம்மலரில் 1958 ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட அணியின் படம் இருக்கிறது. ஏழு பேரில் ஆறு பேரின் பெயர்களை உறுதிசெய்துவிட்டோம். பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக, இரட்டைப் பின்னலோடு, கமராவைப் பாராமல் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சங்கச் செயலாளருக்கு அறியத் தாருங்கள்.